பிராவோ, டெல்ரா, பாப்பா

ஜெனீற்றாவுக்கு உலகத்திலேயே கடினமான சொல் அவளுடைய பெயர்தான். ‘ஜெ’ என்று தொடங்கும்போதே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கன்னம் இழுபடும், கண் தானாக மூடும், மூச்சு அரைவழியில் நின்றுவிடும். அந்த எழுத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் அவள் தாண்டும்வரை காத்திருக்க ஊர்காவற்றுறையில் யாருக்கும் பொறுமை கிடையாது. அவள் தொடங்குவாள், பக்கத்தில் நிற்கிறவர் முடித்துவைப்பார். கடையில் அவள் ‘ப’ என்று வாயைத் திறந்ததும் பருப்பை நிறுத்துவிடுவார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது பனங்கட்டியாக இருக்கும். பல நாள் அந்தப் பருப்பையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

சண்டை முடிந்த பிற்பாடு, மனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்லவென்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஜெனீற்றா திக்குவதைக் கண்டதும் அவருடைய கண் கலங்கிவிட்டது. “ஷெல் அடியிலை பயந்ததுதானே?” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“இ... இல்லை,” என்றாள் ஜெனீற்றா. “அதுக்கு முதலே எனக்குத் திக்கும். நான் கதைக்கத் தொடங்கின நாளிலையிருந்து.”

அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஜெனீற்றா அப்படித்தான். தனக்கில்லாத துக்கத்தை மற்றவர்கள் தன் தலையில் வைக்க விடமாட்டாள்.

அவளுக்குப் பதிலாகப் பேசியவர்களில் முதல் ஆள் அவளுடைய அக்கா மேரிறோஸ். அது தொடங்கிய கதை விளையாட்டான கதையில்லை. இடம்பெயர்ந்து போன குடும்பம் ஊருக்குத் திரும்பி வந்த காலம். ஜெனீற்றாவுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். சோதனைச்சாவடியில் வரிசை. அவளுடைய முறை வந்ததும் பெயரைக் கேட்டார்கள். ‘ஜெ’ வரவில்லை. கண் மூடிக்கொண்டது, கன்னம் இழுபட்டது. எதையோ மறைக்கிறாள் என்று நினைத்த ஆமிக்காரன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிவிட்டான். அந்த நேரம் பின்னால் நின்ற மேரிறோஸ் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்து, “ஜெனீற்றா! ஜெனீற்றா சில்வெஸ்ரர்! என்ர தங்கச்சி!” என்று கத்தினாள். அன்றைக்குத் தங்கச்சிக்கு வாயாகிப்போன அக்கா, துவக்குகள் போன பிறகும் அந்த வேலையை விடவில்லை. கலியாணப் பேச்சு வந்தபோது ‘அவளுக்கு விருப்பமில்லை’ என்று சொன்னதும் மேரிறோஸ்தான். அது உண்மை என்பது வேறு விஷயம். உண்மையைக்கூட அவளுக்குத் தானாகச் சொல்லக் கிடைக்கவில்லை.

அக்காவும், அத்தான் ஜோர்ஜும், ஜெனீற்றாவும் கடலை ஒட்டிய ஒரு வளவில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஜோர்ஜ் கடற்தொழில். ஜெனீற்றாவுக்கு மீனவர் சங்கத்தின் ஐஸ் அறையில் வேலை. விடிய வரும் வள்ளங்களுக்கு ஐஸ் உடைத்து நிறுத்துக் கொடுப்பது. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்றுதான் அதைக் கொடுத்தார்கள்.

றேடியோ வந்தது ஒரு பகிடியால். புயல் ஒன்று வந்து போன வருஷம், ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஒருவரை அனுப்பச் சொல்லி அறிவித்தல் வந்தது. போன் வேலை செய்யாத நேரத்தில் றேடியோவில் செய்தி அனுப்பப் பழக்கப் போகிறார்களாம். ஆம்பிளைகளுக்குத் தொழில். யாரை அனுப்புவது என்று கூட்டத்தில் கதை வந்தபோது ஒருவர், “எங்கட ஜெனீற்றாவை அனுப்புங்கோவன்” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “றேடியோவிலை கதைக்கத் திக்குவாய்க் கொன்னையையோ? புயல் கரையைக் கடந்து இந்தியாவுக்குப் போனாப் பிறகுதான் செய்தி வந்து சேரும்!”

ஐஸ் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஜெனீற்றா கையில் ஐஸ் வெட்டும் கத்தியோடு வெளியே வந்தாள்.

“நான் போறன்,” என்றாள். கோபத்தில் சின்னச் சொற்கள் அவளுக்குத் தடங்கலில்லாமல் வரும். சிரிப்பு நின்றுவிட்டது.

பயிற்சியில் கைக்கு அடங்கிய ஒரு றேடியோவை வரிசையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் பெயரையும் ஊரையும் சொல்லவேண்டும். அவளுடைய முறை வந்தது. பொத்தானை அழுத்தினாள். ‘ஜெ’யில் நின்றாள். மண்டபம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. நடத்தியவர் நல்ல மனுஷன். “பரவாயில்லைத் தங்கச்சி, இருங்கோ” என்றார். அவள் இருக்கவில்லை. பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. அவர் தன்னுடைய றேடியோவில் ஏதோ சொல்லிப் பார்த்தார், அது அவளுடைய றேடியோவில் கேட்கவில்லை. இவள் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை இவளுடைய றேடியோவுக்குள் வேறு யாருடைய குரலும் நுழைய முடியாது. அதை அவள் அந்தக் கணத்தில்தான் கண்டுபிடித்தாள். நாற்பது வருஷமாகத் தேடிய ஒன்று, ஒரு பொத்தான் அளவில் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. ஆறுதலாக, இழுத்து, தடக்கி, தன் பெயரையும் ஊரையும் தானே சொல்லி முடித்துவிட்டுத்தான் விரலை எடுத்தாள்.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் சான்றிதழோடு வீட்டுக்குப் போனார்கள். ஜெனீற்றா அமெச்சூர் றேடியோ அனுமதிப் பத்திரத்துக்குப் படிக்கத் தொடங்கினாள். கொழும்பில் பரீட்சை. முதல்முறை கோட்டைவிட்டாள். “உனக்கென்ன விசரோ? போனிலையே கதைக்கிறாயில்லை, றேடியோவிலை ஆரோடை கதைக்கப்போறாய்?” என்று மேரிறோஸ் கேட்டாள். ஜெனீற்றா அடுத்தமுறையும் பஸ் ஏறினாள். இந்தமுறை சித்தியடைந்தாள்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அழைப்புக்குறி கொடுப்பார்கள். காற்றில் அதுதான் பெயர். எழுத்துகள் தெளிவாக விளங்குவதற்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். ஜெனீற்றாவுக்குக் கிடைத்த கடைசி மூன்று எழுத்துக்கு பிராவோ, டெல்ரா, பாப்பா. உலகத்தில் அவளுக்கு வராத எழுத்தெல்லாம் ஒன்றாய்க் கூடி வந்தது போலிருந்தது. கேட்டவர்கள், எழுதிக்கொடுத்து வேறு குறி மாற்றி எடுக்கலாம் என்றார்கள்.

“ஏன் மாத்த? அது என்ர பேர்,” என்றாள்.

சீட்டு எடுத்து ஒரு பழைய றேடியோ செற் வாங்கினாள். அத்தானின் வள்ளத்துப் பற்றரி ஒன்று. ஏரியலுக்கு, வளவுப் பனையிலிருந்து குசினிக் கூரைக்கு ஒரு செப்புக் கம்பி. கம்பி ஏறிய கிழமையே சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கி, அண்ணாந்து பார்த்தார்கள். மேரிறோஸ் பதறி ஓடிவந்தாள். “அது உடுப்புக் காயப்போடுற கம்பி, சேர்,” என்றாள்.

பனையின் உச்சி வட்டில் யார் உடுப்புக் காயப்போடுவார்கள்? ஜெனீற்றா உள்ளே போய் அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். “அக்காவுக்குத் தெ... தெரியாது. அது ஏரியல். றேடியோவுக்கு.” பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினாள். வந்தவர்களில் ஒருவர் இடையில் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு தடவை வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முழுக்கச் சொன்னாள். பிறகு வருவதை விட்டுவிட்டார்கள். கேட்டுக் களைத்துப்போனார்கள் என்பது ஜோர்ஜின் கருத்து.

போட்டி என்ற ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் செற்றைப் போட்டால், சந்தை இரைச்சல்போல அலைவரிசை முழுக்க மனிதர். எல்லாரும் தங்கள் குறியைச் சொல்லி, ஓர் எண்ணைச் சொல்லி, மற்றவருடைய எண்ணைக் கேட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கேட்க விளையாட்டு விளங்கிவிட்டது. முதல் ஆளோடு கதைத்தால் ஒன்று கொடுக்கவேண்டும், இரண்டாவது ஆளுக்கு இரண்டு. குறியும் எண்ணும் இரண்டு பக்கமும் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தால்தான் புள்ளி.

ஜப்பான்காரர் ஒருவரை நடுங்கி நடுங்கிக் கூப்பிட்டாள். “பிராவோ” என்பதில் நின்றாள். அந்தப் பக்கம் அமைதி. போய்விட்டார் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் முடித்ததும், “அகெய்ன் ப்ளீஸ்” என்றது குரல். மறுபடி சொன்னாள். மறுபடி கேட்டார். மூன்றாம் தடவையில் குறியைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். அவளுடைய வாயிலிருந்து வரவேண்டிய எழுத்தை அந்த மனிதர் ஊகிக்கவில்லை. ஊகித்து எழுதினால் அவருக்குத்தான் நட்டம். இந்த விளையாட்டில் ஜெனீற்றா சொல்லவேண்டியது ஜெனீற்றாவுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேட்டு எடுக்க, கடலுக்கு அப்பால் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்.

அதன்பிறகு போட்டி வருகிற சனி, ஞாயிறுகளில், சமையலுக்கும் பூசைக்கும் ஐஸ் அறைக்கும் இடையில் நேரம் கிடைத்தால் அலைவரிசையில் ஏறுவாள். இரண்டு மணித்தியாலம், சில நாள் மூன்று. வெல்லும் எண்ணம் கிடையாது. முடிவுகள் வரும்போது அவளுடைய குறி அடியிலிருந்து எண்ணினால்தான் கெதியாய் அகப்படும். “என்ன கிடைச்சது?” என்று ஜோர்ஜ் கேட்பார். “ஒண்டுமில்லை அத்தான்,” என்பாள் சந்தோஷமாக.

அவள் திக்குவதைக் கேட்ட மற்ற றேடியோக்காரர் நல்ல எண்ணத்தோடு பல வழி சொன்னார்கள். கடகடவென்று தந்திபோல மோர்ஸ் அடிக்கலாம். இல்லாவிட்டால் செற்றோடு கொம்பியூட்டரைப் பூட்டிவிட்டால் வாயே திறக்கத் தேவையில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கத்தானே அங்கே போனாள்.

ஆடி மாதக் கடைசியில் தீவுகளுக்கென்று ஒரு போட்டி நடக்கும். உலகத்துத் தீவுகளிலிருந்து அழைப்பவர்களுக்கு அதில் மதிப்பு அதிகம். ஊர்காவற்றுறை இருப்பதும் ஒரு தீவில். போன வருஷம் அந்தச் சனிக்கிழமை காலையில் வளவு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. கூரையில் நீளமான அலுமினியக் குழாய்கள். உள்ளேயிருந்து நாலு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் நிமலன். யாழ்ப்பாணத்து றேடியோ கழகம் ஒன்றின் தலைவன், தொலைத்தொடர்பில் எஞ்சினியர், முப்பது வயது சொச்சம். அலைவரிசையில் அவனுடைய குரலை ஜெனீற்றா கேட்டிருக்கிறாள். மிளகாய் வெடிக்கிற மாதிரி வேகம்.

“வணக்கம் அக்கா. சொன்ன மாதிரி வந்திட்டம்,” என்றான்.

“ஆர் சொ... சொன்னது?”

நிமலன் முழித்தான். “போன கிழமை போன் எடுத்தனான். வீட்டையும் பனையையும் இந்த இரண்டு நாளுக்குத் தரச் சம்மதமெண்டு சொன்னியளே?”

மேரிறோஸ் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நான்தான் ஓமெண்டு சொன்னனான். நீ ஐஸ் அறைக்குப் போயிட்டாய், போன் அடிச்சது. நல்ல பிள்ளையள், உன்னை மாதிரி றேடியோக்காரர். சமையலும் நான் பாக்கிறனெண்டு சொல்லிப்போட்டன். வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ.”

நிமலன் மரியாதையாகத்தான் விளங்கப்படுத்தினான். கடல் மூன்று பக்கமும் இருப்பதால் இந்த வளவிலிருந்து சிக்னல் நன்றாகப் போகும். அவர்கள் கழகத்தின் குறியில் இரவு பகலாக ஆள் மாறி ஆள் இருந்து அடிப்பார்கள். ஒரே வளவில் இரண்டு நிலையம் ஓடினால் ஒன்றின் காதை மற்றது செவிடாக்கும். அதனால் இந்த இரண்டு நாளும் ஜெனீற்றாவின் செற் மௌனமாக இருக்கவேண்டும்.

“நீங்களும் எங்களோடை சேரலாம் அக்கா,” என்றான். “எங்கட கழகத்திலை கஜாலினி எண்டொரு பிள்ளை இருக்கிறா. வடிவான குரல். அழைப்பும் எண்களும் எல்லாம் அவவின்ர குரலிலை கொம்பியூட்டரிலை பதிஞ்சு வைச்சிருக்கிறம். போட்டியளிலை எல்லாரும் செய்யிறதுதான். நீங்கள் இருந்து பொத்தானை அமத்தினாக் காணும். கஷ்டப்பட்டுக் கதைக்கத் தேவையில்லை.”

“அது நல்ல விஷயமெல்லே!” என்றாள் மேரிறோஸ்.

ஜெனீற்றாவின் முகத்துக்கு இரத்தம் ஏறியது. “வே... வேண்டாம்,” என்றாள்.

“அவள் என்ன சொல்லுறாளெண்டா, தம்பி, வெக்கத்திலை...”

ஜெனீற்றா கையை உயர்த்தினாள். அக்காவின் முகத்துக்கு நேரே, உள்ளங்கை விரித்து. அப்படி ஒரு கையை மேரிறோஸ் அவளிடம் கண்டதே இல்லை.

“அக்கா. நான் சொல்லுறன்.”

சொல்லத் தொடங்கினாள். ‘போட்டி’யின் ‘போ’வில் நாக்கு நின்றது. கண் மூடியது. இளைஞர்களில் ஒருவன் காலை மாற்றி நின்றான். வானின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேரிறோஸின் உதடு இரண்டு தடவை அசைந்தது. உயர்த்திய கை இறங்கவில்லை.

“போட்டியிலை வெல்லவெண்டு நான் ஏறுறேல்லை. நாளைக்குப் பூ... பூசை முடிய வந்து ஏறுவன். இந்த வீட்டிலையிருந்து. என்ர குறியிலை. என்ர குரலிலை. வீடு தரேலாது, தம்பி.”

நிமலனுக்கு நம்ப முடியவில்லை. “அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்கள் ஏறினா ஒரு ஐம்பது பேரோடை கதைப்பியள். நாங்கள் ஆயிரத்துக்கு மேலை எடுப்பம். தீவுக்கு ஒரு பேர் வரும்.”

“தீவுக்குப் பேர் இருக்கு,” என்றாள் ஜெனீற்றா.

கடைசியில் ஜோர்ஜ்தான் வானில் ஏறி அவர்களை அதே தீவில் நாரந்தனைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தெரிந்த ஒருவருடைய வெறும்வளவை ஒழுங்குசெய்து கொடுத்துவிட்டு வந்தார். வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்ததும் மேரிறோஸ் வெடித்தாள்.

“வாசலுக்கு வந்த பிள்ளையளைத் திருப்பி அனுப்பிப்போட்டாய். நான் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை. உனக்காக நான் வாய் திறக்காமல் இருந்திருந்தா அண்டைக்கே உன்னைச் சுட்டிருப்பாங்கள். தெரியுமோ?”

சோதனைச்சாவடிக் கதை அந்த வீட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக யாரும் எடுக்காத கதை. ஜெனீற்றா அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“ஓம், சு... சுட்டிருப்பாங்கள்,” என்றாள். “நீதான் காப்பாத்தினனி. நான் மறக்கேல்லை. ஆனா இண்டைக்கு ஆரக்கா சுடப்போறாங்கள்?”

மேரிறோஸ் குசினிக்குள் போய்விட்டாள். நாலு பேருக்கென்று வெட்டி வைத்த மீன் முழுவதையும் அன்றைக்கு ஆத்திரத்தோடு பொரித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுப்பையும் மாற்றாமல் ஜெனீற்றா செற்றின் முன் கதிரையை இழுத்துப் போட்டாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. நாரந்தனையில் நிற்கிற பெரிய ஏரியலின் இரைச்சல் மட்டும். வேறு அலைவரிசைக்கு மாறினாள். அங்கே காது திறந்தது. வழக்கம்போல ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். இந்தோனேசியா கிடைத்தது. ரஷ்யாக்காரர் ஒருவர் அவள் இரண்டாம் எழுத்தில் நிற்கும்போதே பொறுமையில்லாமல் வேறொருவரை எடுத்துக்கொண்டார். இன்னொருவரும் அப்படித்தான். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம். அடுத்த ஆளிடம் போவாள்.

ஆனால் அன்றைக்கு அவளுக்குள் சூடு ஆறவில்லை. மற்றவருடைய வாசலில் நின்று கூப்பிடுவது போதும் என்று பட்டது. இடைவெளி ஒன்றைத் தேடி, அதில் குந்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தானே பொது அழைப்பு விடுத்தாள். ‘சீக்கியூ’, கேட்கிற எவரும் வரலாம் என்று. பிறகு தன் குறி. பிறகு போட்டியில் அந்தத் தீவுக்கென்று கொடுத்திருந்த எண். தடக்கித் தடக்கி அதைச் சொல்லி முடிக்க எடுத்த நேரத்தில் நிமலன் நாலு பேரை எடுத்திருப்பான்.

விரலை எடுத்தாள். ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு மடை உடைத்தது போல் குரல்கள். தீவுக்காரி என்று கேட்டதும், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் அவளைக் கூப்பிட்டார்கள். அதில் ஒருவருடைய குறியின் ஓர் எழுத்தைப் பிடித்தாள், அந்த ஆளை மட்டும் கூப்பிட்டாள். மற்றவர்கள் அடங்கினார்கள். எண்ணைக் கொடுத்தாள், எண்ணை வாங்கினாள். அடுத்த ஆள். அவள் ‘பாப்பா’வில் நிற்கும்போதெல்லாம் இத்தாலியும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் வாசலில் நின்றன. யாரும் போகவில்லை. போனால் தீவு கிடைக்காதே.

நடுவில் ஒரு குரல், குறி சொல்லாமல், அவளைப் போலவே திக்கிக் காட்டியது. “ப்... ப்... ப்... பாப்பா.” பிறகு சிரிப்பு. குசினி வாசலில் நின்ற மேரிறோஸின் கையில் அகப்பை இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெனீற்றாவின் காது சிவந்தது. ஊர் முழுக்கக் கேட்டுப் புளித்த பகிடி, இப்போது ஆகாயத்திலும் வந்துவிட்டது. செற்றை நிற்பாட்டலாம். பக்கத்து அலைவரிசைக்குப் போகலாம். அவள் பொத்தானை அழுத்தினாள்.

“உங்கட அழைப்புக்குறி?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

குரல் அடங்கிவிட்டது. மறுபடி கேட்டாள். இல்லை. குறி சொல்லாதவனுக்கு இங்கே புள்ளியும் இல்லை, இடமும் இல்லை. அடுத்த அழைப்பை முன்னையதைவிட உரத்துச் சொன்னாள். திக்கல் குறையவில்லை, அதை ஒளிக்க அவள் மெனக்கெடவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு குரல் காதை அடைத்துக்கொண்டு வந்தது. நிமலனின் கழகக் குறி. அவனுக்கும் அவள் ஒரு புள்ளிதானே. ஜெனீற்றா உடனே எடுக்கவில்லை. முதலில் கூப்பிட்டவர் சைப்பிரஸ்காரர். அவரை முடித்துவிட்டுத்தான் அவனைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கொடுக்கவேண்டிய எண் இருபத்திரண்டு. ஆங்கிலத்தில் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லவேண்டும்.

“டூ... டூ... டூ...”

“இருநூற்றி இருபத்திரண்டோ?” என்று நிமலன் அதே வேகத்தில் முடித்துவைத்தான்.

“இல்லை,” என்றாள். “நில்லும்.”

மறுபடி முதலிலிருந்து. அந்தப் பக்கம் பெரிய ஏரியல், இரவு பகலாக ஓடுகிற கொம்பியூட்டர், ஆயிரம் பேரைத் துரத்துகிற அவசரம். எல்லாம் நின்றன. இரண்டாம் ‘டூ’ வரச் சுணங்கியது. இந்தத் தடவை நிமலன் வாய் திறக்கவில்லை. அவள் சொல்லி முடித்து, விரலை எடுத்த பிறகுதான் குரல் வந்தது, கொஞ்சம் ஆறுதலாக: “டூ டூ. எடுத்திட்டன். நன்றி அக்கா.” தன்னுடைய எண்ணை அவனும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். ஆயிரத்தை நெருங்கியிருந்தது.

பின்னேரம் பசி தாங்காமல் எழும்பியபோது, குசினியில் அக்கா சோற்றுக் கோப்பையை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது.

“ஆரவன் நடுவிலை பழிச்சது?” என்று கேட்டாள்.

“தெரியாது. பே... பேரில்லாதவன்.”

“நாசமாய்ப் போவான்,” என்றாள் மேரிறோஸ். அதற்கு மேல் இரண்டு நாளுக்குத் தங்கச்சியோடு அவள் பேசவில்லை.

முடிவுகள் சில மாதம் கழித்து வந்தன. நிமலனின் கழகம் ஆசியாவில் முன்வரிசையில் நின்றது; பத்திரிகையில் படமும் வந்தது. ஜெனீற்றா வழக்கமான இடத்தில் கீழே கிடந்தாள். இந்த வருஷம் நிமலன் மறுபடி போன் எடுத்தான். மேரிறோஸ்தான் முதலில் எடுத்தாள். ‘ஓம்’ என்று சொல்ல வாய் திறந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, போனைத் தங்கச்சியிடம் நீட்டினாள். எல்லா நாளும் அப்படிக் கடிப்பாள் என்றில்லை. கடையில் இப்போதும் சில நாள் ஜெனீற்றாவுக்காகப் பனங்கட்டியைக் கேட்டுவிடுவாள். ஜெனீற்றா கையை உயர்த்துவாள்.

“எங்கட அணியிலை ஒரு மணித்தியாலம் இருங்கோவன் அக்கா. உங்கட குரலிலையே,” என்றான் நிமலன்.

“நல்லது தம்பி. ஆனா உங்கட அவசரம் எனக்குச் ச... சரிவராது. நான் என்ர பாட்டிலை ஏறுறன். காத்திலை சந்திப்பம்.”

சங்கத்தில் மாதாமாதம் நடக்கும் பொதுக்கூட்டம் இந்த ஆவணியிலும் நடந்தது. ஜெனீற்றா அங்கே தேத்தண்ணீர் கொடுக்க மட்டும் போவது வழக்கம். அன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். விடியக்காலையில் பெரிய படகுகள் ஐஸை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக, சின்ன வள்ளக்காரர் வெறும் பெட்டியோடு திரும்புவதை அவள் நாள் தவறாமல் கண்டு வந்தவள். முதலில் சின்ன வள்ளத்துக்குப் பங்கு ஒதுக்கவேண்டும். அதுதான் அவள் சொல்ல வந்தது.

“ஐ... ஐஸ் பங்...”

“ஐஸ் பத்தாதெண்டு சொல்லுறா. புது மெஷின் வேணுமாம். அதைப் பிறகு பாப்பம்,” என்றார் தலைவர்.

“நான் அதைச் சொல்லேல்லை,” என்றாள் ஜெனீற்றா.

முதலிலிருந்து தொடங்கினாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். யாரோ போனை எடுத்து நோண்டினார்கள். தலைவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார்; இரண்டு தடவையும் அவள் நிறுத்தி, அவர் மூடும்வரை பார்த்துக்கொண்டு நின்று, மறுபடி முதல் சொல்லிலிருந்து வந்தாள். மூன்றாம் தடவை அவர் திறக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. பெரிய படகுக்காரர்தானே கூட்டத்தில் அதிகம். வீட்டுக்கு வரும் வழியில் ஜோர்ஜ், “உதுக்குத்தானோ இவ்வளவு நேரம் நிண்டனி?” என்று கேட்டார்.

“ஓம் அத்தான். அடுத்த மாதமும் நிப்பன்.”

அடுத்த மாதமும் நின்றாள்.